காற்றாலைச் சான்றிதழ்: மீட்டர் முதல் புதன்கிழமை ஏலம் வரை

உடுமலைப்பேட்டை அருகே பூளவாடிப் பக்கம் எங்கள் நிறுவனத்துக்கு நான்கு காற்றாலைகள் ஓடுகின்றன. ஒவ்வொன்றும் ஒன்றரை மெகாவாட். கணக்கு என் பொறுப்பு. மின்சாரத்தைத் திருப்பூர்ப் பக்கம் ஓர் ஆலைக்கு விற்கிறோம். அது காற்றில் விளைந்தது என்பதற்கான சான்றிதழைத் தனியாக விற்கிறோம். இந்த இரண்டாவது விற்பனையை எப்படிச் செய்வது என்று அக்கம்பக்கத்துக் காற்றாலைக்காரர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஆர்இசி எனப்படும் இந்தச் சான்றிதழ் ஒன்று, 1,000 யூனிட்டுக்குச் சமம். மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2010-இல் விதிகளைப் போட்டது. 2011 மார்ச்சில் வியாபாரம் தொடங்கியது. காரணம் எளிது. ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் பாலக்காட்டுக் கணவாயிலும் அடிக்கிற காற்று டெல்லியில் இல்லை. ஆனால் இத்தனை சதவீதம் பசுமை மின்சாரம் காட்ட வேண்டும் என்ற சட்டம் டெல்லி விநியோக நிறுவனத்துக்கும் உண்டு. 2024-25-இல் அது 29.91 சதவீதம், 2029-30-இல் 43.33 ஆகும். உடுமலை மின்சாரம் டெல்லிக்குப் போய்ச்சேரத் தேவையில்லை, சான்றிதழ் போனால் போதும். மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறாக இருந்தாலும் பதிவேடு நாடு முழுக்க ஒன்றுதான்.

முதலில் உங்களுக்குத் தகுதி இருக்கிறதா என்று பாருங்கள். ஆணையம் நிர்ணயித்த கட்டணத்திலோ டெண்டர் விலையிலோ மின்சாரத்தை விற்கிறீர்கள் என்றால் அந்த யூனிட்டுக்குச் சான்றிதழ் கிடையாது. மின்சாரத்தைக் கம்பி வழியே கொண்டுபோகக் கட்டும் வீலிங் கட்டணத்திலோ டிரான்ஸ்மிஷன் கட்டணத்திலோ சலுகை வாங்கினாலும் கிடையாது. வாங்குகிறவர் தன் பசுமைக் கடமைக்கு அதே யூனிட்டைக் கணக்குக் காட்டினாலும் கிடையாது. இந்தக் கடைசி நிபந்தனையைத்தான் பலர் சரியாகப் படிப்பதில்லை.

எங்களுக்கே நடந்தது. எங்களிடம் மின்சாரம் வாங்கும் ஆலை, வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு ஓர் அட்டை அச்சடித்திருந்தது. பளபளப்பான தாளில் பச்சை மையில் ஒரு வரி: 'எங்கள் நூல் முழுக்கக் காற்றாலை மின்சாரத்தில் நூற்றது.' அந்த மாதச் சான்றிதழ்களை நாங்கள் ஏற்கெனவே விற்றுவிட்டோம். ஒரே யூனிட்டை இரண்டு பேர் பசுமை என்று சொல்லிக்கொண்டிருந்தோம். அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஆலை மேனேஜரிடம் போய்ச் சொன்னேன்: "சார், தோப்பு உங்களுடையதுதான். ஆனா காயைக் குத்தகைக்கு விட்டாச்சு. இனிமே அதை நீங்க பறிக்க முடியாது." உடுமலைக்காரருக்குத் தென்னந்தோப்புக் கணக்கு உடனே புரியும். அட்டையைத் திரும்ப வாங்கினார்கள். அதற்குப் பிறகு, பசுமை என்ற உரிமை உற்பத்தியாளருக்கே சேரும், வாங்குபவர் எங்கும் அதைக் கோரக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே ஒரு பிரிவு சேர்த்துவிட்டோம். நீங்கள் கையெழுத்துப் போடும் முன்பே சேர்த்துவிடுங்கள்.

விண்ணப்பம் பெரிய விஷயமில்லை. மாநில மின் கட்டமைப்பில் இணைந்த காற்றாலைக்குச் சென்னையில் உள்ள மாநில மின்சுமை பகிர்வு மையமான எஸ்எல்டிசியிடம் அங்கீகாரம் வாங்க வேண்டும். பிறகு, மத்திய அரசு நிறுவனமான கிரிட் இந்தியா நடத்தும் தேசிய மின்சுமை பகிர்வு மையத்தில், அதாவது என்எல்டிசியில் பதிவு. இரண்டும் ஆன்லைன்தான். மின் இணைப்பு எண், திறன், இயக்கத்துக்கு வந்த தேதி ஆகியவை எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி இருக்கட்டும்.

உண்மையான வேலை மீட்டர் பெட்டிக்கு முன்னால் இருக்கிறது. மாதா மாதம் ரீடிங் எடுக்கும்போது நானோ எங்கள் ஆபரேட்டரோ கட்டாயம் போய் நிற்போம். ஒரு ஜூலை மாதக் கணக்கைக் காட்டுகிறேன். தொடக்க ரீடிங் 18,204.12, முடிவு 18,375.00. வித்தியாசம் 170.88. இதைப் பெருக்கற்காரணியால் பெருக்க வேண்டும். மீட்டருக்குள் போகுமுன் மின்னழுத்தத்தை பி.டி.யும் மின்னோட்டத்தை சி.டி.யும் குறைத்துவிடுவதால்தான் இந்தப் பெருக்கல். 33 கிலோவோல்ட் பி.டி.க்கு 300, 50/5 சி.டி.க்கு 10, ஆக 3,000. அனுப்பியது 5,12,640 யூனிட். காற்று இல்லாத நேரத்தில் காற்றாலையே இழுத்துக்கொண்டது 390 யூனிட். நிகரம் 5,12,250. சான்றிதழ் 512, மிச்சம் 250 யூனிட் அடுத்த மாதக் கணக்கில் சேரும். இந்தக் கணக்கை ரீடிங் எடுத்த இடத்திலேயே நோட்டில் போட்டுவிடுவேன்.

இது எதற்கு என்றால், ஒரு ஆகஸ்டில் 17-ஆம் தேதி ஒரு மீட்டரை மாற்றினார்கள். மாதக் கடைசியில் வந்த உற்பத்தி அறிக்கையில் புது மீட்டரின் ரீடிங் மட்டும் இருந்தது. பழைய மீட்டரில் அந்த மாதம் ஓடிய 2,61,000 யூனிட் விட்டுப்போயிருந்தது. அதாவது 261 சான்றிதழ். என் நோட்டில் இரண்டு மீட்டரின் ரீடிங்கும் இருந்ததால் அன்று சாயங்காலமே தெரிந்துவிட்டது. மீட்டர் மாற்றிய அறிக்கையின் நகலோடு கடிதம் கொடுத்துத் திருத்தினோம். நோட்டு இல்லாவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது. காற்று சீசனில் ஓர் இயந்திரத்தின் பாதி மாத உழைப்பு அது.

எஸ்எல்டிசியின் அறிக்கை பதிவேட்டில் ஏறியதும் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். உற்பத்தியான நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்காவிட்டால் அந்த யூனிட்டுக்குச் சான்றிதழே இல்லை. இந்தக் கெடுவில் சலுகை எதிர்பார்க்காதீர்கள். அறிக்கை தாமதமானால் வாரம் ஒரு முறை போன் போடுங்கள், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

இனி விற்பனை. ஐஇஎக்ஸ், பிஎக்ஸ்ஐஎல், எச்பிஎக்ஸ் என மூன்று மின்சாரச் சந்தைகள், அதாவது எக்ஸ்சேஞ்சுகள் உண்டு. ஏலம் மாதத்தின் இரண்டாவது புதனும் கடைசிப் புதனும், மதியம் ஒன்றிலிருந்து மூன்று மணி வரை. மற்றவர் என்ன விலை போட்டார் என்று தெரியாது. முடிவில் எல்லோருக்கும் ஒரே விலை. நீங்கள் 200 கேட்டு, ஏலம் 340-இல் முடிந்தால் உங்களுக்கும் 340தான். மூன்று எக்ஸ்சேஞ்சிலும் சேர்த்து நீங்கள் விற்பனைக்குப் போட்டது கையிருப்பைத் தாண்டக் கூடாது. ஒரே சான்றிதழை இரண்டு இடத்தில் போட்டால் என்எல்டிசி கண்டுபிடித்து விலைப்புள்ளியை நிராகரிக்கும். லைசென்ஸ் உள்ள டிரேடர் மூலம் பேசி விற்கும் வழியும் இப்போது இருக்கிறது.

விலையைப் பற்றி மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். 2020 ஜூலையிலிருந்து 2021 நவம்பர் வரை, விலை வரம்பு வழக்கில் வியாபாரமே நின்றிருந்தது. 2022-இல் சான்றிதழ் 1,000 ரூபாய்க்கு விற்றோம். 2024 நடுவில் நூற்றுச் சொச்சம். மேலே சொன்ன 512 சான்றிதழ், 1,000 ரூபாய் என்றால் 5,12,000. 100 ரூபாய் என்றால் 51,200. அதே காற்று, அதே மீட்டர். 2022 டிசம்பர் 5 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளில் குறைந்தபட்ச விலை கிடையாது. ஆனால் சான்றிதழ் காலாவதியாவதும் கிடையாது. விற்கும் வரை உயிரோடு இருக்கும். அதனால் பதறி மொத்தத்தையும் ஒரே ஏலத்தில் கொட்டாதீர்கள். நான் கையிருப்பை மூன்று பங்காக்கி மூன்று விலையில் போடுகிறேன். சம்பளத்துக்கும் பராமரிப்புக்கும் வேண்டியது அடி விலையில், மற்றது மேலே. ஜிஎஸ்டியை மட்டும் ஆடிட்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுக்குத் துணி அனுப்புகிறவர்கள் ஐ-ரெக் என்ற சர்வதேசச் சான்றிதழ் கேட்பார்கள். அது வேறு பதிவேடு. கொடுக்கலாம், ஆனால் ஆர்இசி வாங்கிய யூனிட்டுக்கு ஐ-ரெக் வாங்கவே கூடாது. இரண்டு பதிவேடும் ஒன்றையொன்று தானாகப் பார்த்துக்கொள்ளும் என்று நம்பி இருக்காதீர்கள். எந்த இயந்திரம் எந்தப் பக்கம் என்று வருடத் தொடக்கத்திலேயே பிரித்துவிடுங்கள். எங்களிடம் மூன்று ஆர்இசிக்கு. நான்காவது இயந்திரத்தை ஐ-ரெக்குக்கு ஒதுக்கி, அந்தச் சான்றிதழை ஆலையின் பெயரிலேயே ரத்து செய்துகொடுக்கிறோம், அதாவது ஆலை பயன்படுத்திவிட்டது என்று பதிவேட்டில் கணக்கை முடித்துவிடுகிறோம். அந்த ஒரு இயந்திரத்தின் யூனிட் அளவுக்கு அவர்கள் இப்போது அட்டையில் தாராளமாக எழுதிக்கொள்கிறார்கள்.

ஏலம் முடிந்த புதன் சாயங்காலம் நோட்டின் கடைசிக் கட்டத்தை நிரப்பிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். விற்கும்போது பழைய மாதத்துச் சான்றிதழ்தான் முதலில் கழியும் என்பதால் மேலிருந்து கோடு போட்டுக்கொண்டே வரலாம். கோடு போடாத வரிகளின் கூட்டுத்தொகையும் பதிவேடு காட்டும் கையிருப்பும் ஒத்துப்போக வேண்டும். ஒன்று குறைந்தாலும் மறுநாள் காலை முதல் போன் அதற்குத்தான்.