காதுச் சவ்வில் ஓட்டையா? ஒப்பரேசனுக்குப் போகுமுன் தெரிந்திருக்க வேண்டியவை

வன்னியில் ஒரு காது கேட்காத ஆட்களைக் கண்டுபிடிப்பது சுலபம். கூப்பிட்டால் முகத்தைத் திருப்ப மாட்டார்கள், நல்ல காதைத் திருப்புவார்கள். எங்கள் சின்னம்மாவும் அப்படித்தான் இருந்தா. 2009இல் பங்கர் வாசலுக்குப் பக்கத்தில் ஷெல் விழுந்தபோது இடது காதில் இரத்தம் வந்தது, உயிர் தப்பினதே பெரிது என்றிருந்த நேரத்தில் காதை யார் பார்த்தது. பிறகு ஒவ்வொரு மாரிக்கும் அந்தக் காது ஒழுகும், பஞ்சு வைப்பா, நிற்கும், திரும்ப ஒழுகும். "அது செத்த காது, விடு பிள்ளை" என்று பல வருசம் சொல்லிக்கொண்டிருந்தா. செத்த காது இல்லை என்று தெரிந்துகொள்ள ஒரு கிளினிக் நாள் போதுமாக இருந்தது. ஒப்பரேசனுக்குக் கூட நின்றது நான்தான், அதனால் நான் பார்த்ததையும் டொக்டர்மாரிடம் கேட்டு விளங்கிக்கொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் காதுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். செவிப்பறை என்று பள்ளிக்கூடத்தில் படித்த அந்தச் சவ்வு குறுக்களவில் ஏறக்குறைய 9 மில்லிமீற்றர், தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் பத்திலொரு பங்கு. வெடி அமுக்கம் உடம்பில் மோதும்போது மற்ற எதற்கும் முன்னால் கிழிவது அதுதான். ஆனால் ஷெல் மட்டும் காரணமில்லை. சின்ன வயதில் தடிமன் காதுக்குள் இறங்கிச் சீழ் பிடித்து ஓட்டை விழுந்த ஆட்கள்தான் அதிகம், கன்னத்தில் அறை வாங்கி, தீக்குச்சியாலும் கொண்டை ஊசியாலும் குடைந்து கிழித்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். காது ஒழுகுகிற பிள்ளையை வகுப்பில் "கவனமில்லை" என்று ஏசுவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதறும், அந்தப் பிள்ளைக்குப் பாதி பாடம் கேட்டிருக்காது.

புதிதாகக் கிழிந்த சவ்வு என்றால் பயப்பட வேண்டாம். தொற்று இல்லாமல் காய்ந்த காதாக வைத்திருந்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்துக்குள் தானாகவே மூடிக்கொள்ளும். தண்ணீர் போகக் கூடாது, குடையக் கூடாது, மூக்கை அழுத்திச் சிந்தக் கூடாது, டொக்டர் சொல்லாமல் எந்தச் சொட்டு மருந்தும் விடக் கூடாது. ஆனாலும் டொக்டரிடம் ஒரு தரம் காட்டத்தான் வேண்டும். அந்த மூன்று மாதமும் போய் ஓட்டை அப்படியே இருந்தால்தான் ஒப்பரேசன் பேச்சு.

இன்னொன்று, எண்ணெய் காய்ச்சி ஊற்றுவது, உள்ளிச்சாறு, தாய்ப்பால், கோழியிறகால் துடைப்பது, இவை எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ஓட்டைக் காதில் விட்ட எண்ணெய் வெளியே நிற்காது, நேரே சவ்வுக்குப் பின்னால் இருக்கிற நடுக்காதுக்குள் போகும். மருந்துக் கடையில் கேட்டு வாங்குகிற சொட்டு மருந்தும் அப்படித்தான். சின்னம்மாவுக்கு ஒரு கடையில் ஒரு கேள்வியும் கேட்காமல் ஜென்ரமைசின் சொட்டு கொடுத்தார்கள், அந்த வகை மருந்து ஓட்டை வழியாக உள்ளே போனால் கேட்கும் நரம்பையே கெடுக்கக்கூடியது. சவ்வில் ஓட்டை இருக்கிறவர்களுக்கு சிப்ரோபுளொக்சசின் மாதிரியான சொட்டுகளைத்தான் வழக்கமாகத் தருவார்கள், அதையும் டொக்டர் எழுதித்தர வாங்குங்கள்.

எங்கே போவது? பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரி ஓ.பி.டி.யில் காட்டி, காது மூக்கு தொண்டை கிளினிக்குக்குக் கடிதம் வாங்குங்கள். கிளிநொச்சியோ முல்லைத்தீவு மாஞ்சோலையோ வவுனியாவோ, நீங்கள் இருக்கிற இடத்தைப் பொறுத்து ஈ.என்.ரி. கிளினிக் எந்தக் கிழமை, எங்கே என்று அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பினால் கிளிநொச்சியிலிருந்து 60 கிலோமீற்றருக்கு மேல், விடிய முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் நல்லது. அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒப்பரேசனுக்குக் காசு இல்லை. காத்திருக்க வேண்டி வரும், அது உண்மை, ஆனால் பெயர் பதியாமல் இருந்தால் முறை வரவே வராது.

கிளினிக்கில் காதைச் சுத்தம் செய்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள், அப்புறம் எவ்வளவு கேட்கிறது என்று அளக்கிற ஓடியோகிராம் எடுப்பார்கள். சத்தம் அடைத்த சின்ன அறைக்குள் ஹெட்போன் போட்டு இருத்தி, "பீப்" கேட்டவுடன் பொத்தானை அமத்தச் சொல்வார்கள். பிறகு காதுக்குப் பின்னால் எலும்பில் ஒரு கருவியை வைத்தும் அதையே செய்வார்கள். இந்த இரண்டாவது பகுதிதான் முக்கியம், ஏனென்றால் எலும்பு வழியாகப் போகிற சத்தம் சவ்வைத் தாண்டி நேரே உட்காதுக்குப் போகிறது. எலும்பு வழியாக நன்றாகக் கேட்டு, காற்று வழியாக மட்டும் குறைவு என்றால் பழுது சவ்விலோ நடுக்காது எலும்புகளிலோ இருக்கிறது, அதைத் திருத்தலாம். இரண்டும் குறைவு என்றால் நரம்பும் அடிபட்டிருக்கிறது, வெடி அமுக்கம் பட்ட நிறையப் பேருக்கு இரண்டும் கலந்துதான் இருக்கும். ஒப்பரேசனால் நரம்பு திரும்பாது. டொக்டரிடம் இந்த ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: "எனக்குச் சவ்வால் போனது எவ்வளவு, நரம்பால் போனது எவ்வளவு?" இதைக் கேட்காமல் போய், பிறகு "ஒப்பரேசன் செய்தும் கேட்கவில்லை" என்று மனம் உடைந்தவர்களை எனக்குத் தெரியும். நரம்பு பழுதாக இருந்தாலும் சவ்வை மூடுவது வீண் இல்லை, ஒழுகுவது நிற்கும், காது காய்ந்தால் கேட்கும் கருவி போடவும் முடியும்.

சீழ் கெட்ட நாற்றம் அடித்தால், இரத்தம் கலந்து வந்தால், தலைச்சுற்று வந்தால், முகம் ஒரு பக்கம் இழுத்தால், கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். சவ்வின் தோல் உள்ளே வளர்ந்து எலும்பை அரிக்கிற வியாதி ஒன்று இருக்கிறது, அது மூளைக்கும் பரவலாம், அதற்கு வேறு, பெரிய ஒப்பரேசன் தேவை.

சரி, நாள் குறித்தாயிற்று. இனி உங்கள் வேலை காதைக் காய்ந்ததாக வைத்திருப்பது. ஒழுகாத காதிலே செய்யத்தான் டொக்டர்மார் விரும்புவார்கள். இரணைமடு வாய்க்காலில் முங்கிக் குளிப்பதும் கிணற்றடியில் தலைக்கு வாளி வாளியாக வார்ப்பதும் பழகின எங்களுக்கு இது கஷ்டம்தான். நாங்கள் செய்தது இதுதான்: உருட்டிய பஞ்சில் வசலீனை அப்பி, பஞ்சு வெள்ளையாகத் தெரியாத அளவுக்கு, காது வாசலில் வைப்பது, உள்ளே திணிப்பதில்லை. வசலீன் பூசாத பஞ்சு தண்ணீரை உறிஞ்சி உள்ளேயே வைத்திருக்கும், அது பஞ்சு இல்லாததை விட மோசம். தலை முழுகும் நாளில் சின்னம்மா குனிந்து நிற்க, நான் காதைக் கையால் பொத்திக்கொண்டு கோப்பையால் மறுபக்கமாக வார்ப்பேன். மற்ற நாட்களில் கழுத்துக்குக் கீழேதான்.

புகைக்கிறவர்கள் இப்போதே நிறுத்துங்கள், ஓட்டையை மூட வைக்கிற ஒட்டுப் பிடிக்காமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம். சீனி வருத்தம் இருந்தால் அதைக் கட்டுப்பாட்டில் கொண்டுவாருங்கள். அஸ்பிரின், குளோபிடோகிரெல், வோபரின் மாதிரி இரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது குடிக்கிறவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும், தாங்களாக நிறுத்தவும் கூடாது. காலையில் போடுகிற பிரஷர், சீனிக் குளிசைகளில் எதைப் போடுவது, எதை விடுவது என்றும் கேட்டு வையுங்கள். ஒப்பரேசன் நாள் அரிவு வெட்டோடு மோதுமா என்றும் பாருங்கள். அதற்குப் பிறகு ஒரு மாதம் நெல் மூட்டை தூக்க முடியாது, சூடடிக்கிற தூசிக்குள் நின்று தும்மவும் முடியாது. வயல்காரர் என்றால் இதை டொக்டரிடமே சொல்லலாம், வெட்கம் ஒன்றுமில்லை.

முதல் நாள் தலை முழுகிவிட்டுப் போங்கள், அடுத்த முழுக்கு எப்போது என்று தெரியாது. தோடு, மூக்குத்தி, வளையல் எல்லாம் வீட்டிலேயே கழற்றி வையுங்கள். தாலிக்கொடியைக் கழற்ற மனம் வராது, சின்னம்மா மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு போனா. நகப்பூச்சு வேண்டாம், விரலில் மாட்டும் கருவிக்கு நகம் தெரிய வேண்டும். பொதுவாக ஆறு மணித்தியாலத்துக்கு முன்பே சாப்பாட்டை நிறுத்தச் சொல்வார்கள், தேத்தண்ணியில் பால் கலந்தால் அதுவும் சாப்பாடுதான். தடிமன், இருமல், காய்ச்சல் வந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், நாள் தள்ளிப்போனாலும் பரவாயில்லை.

ஒப்பரேசனில் என்ன செய்கிறார்கள்? காதுக்கு மேலே கை வைத்துப் பல்லைக் கடித்துப் பாருங்கள், ஒரு தசை அசையும். அந்தத் தசையைப் போர்த்தியிருக்கும் மெல்லிய வெள்ளை உறையிலிருந்து ஒரு துண்டு எடுப்பார்கள், சில பேருக்குக் காது முன்முனைக் குருத்தெலும்பிலிருந்து எடுப்பதும் உண்டு. எடுத்த துண்டைப் பரப்பிக் காயவிட்டால் கடதாசி மாதிரி ஆகிவிடும். இனி சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப் போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒட்டுமுன் ரியூப்பைச் சுரண்டுவோம் இல்லையா, அது மாதிரி ஓட்டையின் பழைய விளிம்பைச் சுரண்டிப் புதுக்காயமாக்குவார்கள். விளிம்பு ஆறி மூடினதால்தான் இத்தனை வருசம் தானாக வளராமல் இருந்தது. எடுத்த ஒட்டுத் துண்டைச் சவ்வின் உள்பக்கமாகக் கொடுத்து, தானாகக் கரைந்து போகிற பஞ்சு மாதிரியான ஒன்றால் முட்டுக்கொடுப்பார்கள். சவ்வில் தையல் கிடையாது. காதுக்குப் பின்னால் வெட்டிச் செய்தால் அங்கே தையல் வரும், சில பேருக்குக் காது வாசல் வழியாகவே முடித்துவிடுவார்கள். ஒன்றிலிருந்து இரண்டு மணித்தியாலம் எடுக்கும். முழு மயக்கத்திலும் செய்யலாம், விறைப்பு ஊசியிலும் செய்யலாம். இது நேற்று வந்த வைத்தியம் இல்லை, 1950களில் ஜேர்மனியில் வுல்ஸ்ரைன், சொல்னர் என்ற இருவர் முறைப்படுத்தி, இன்று உலகம் முழுக்கச் செய்வது.

பத்துப் பேருக்குச் செய்தால் எட்டு ஒன்பது பேருக்கு ஒட்டுப் பிடிக்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். பிடிக்காவிட்டால் திரும்பச் செய்யலாம். நாக்கில் ஒரு பக்கம் உலோகச் சுவை அடிப்பது நடக்கும், சுவை நரம்பு ஒன்று சவ்வுக்குப் பின்னால்தான் ஓடுகிறது. சின்னம்மாவுக்குச் சொதி கூடத் தகரம் மாதிரி இருந்தது, சில கிழமையில் மாறியது. கேட்கும் திறன் இன்னும் குறைவது, காது இரைச்சல், முக நரம்பு அடிபடுவது எல்லாம் அரிது, ஆனாலும் கையெழுத்து வைக்குமுன் அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வீட்டுக்கு வரும் பயணத்தை முன்கூட்டியே யோசியுங்கள். காதுக்குப் பின்னால் வெட்டு இருந்தால் ஹெல்மெற் போட முடியாது, ஹெல்மெற் இல்லாமல் ஏ9 வீதியில் மோட்டார் சைக்கிளில் போகவும் கூடாது. பஸ்ஸோ ஓட்டோவோதான். தலைக்கட்டோடு இருக்கும்போது கண்ணாடிக் காம்பும் மாஸ்க் நாடாவும் காயத்தில் உரசும், பாருங்கள்.

முதல் கிழமை இரண்டு தலையணை வைத்து, ஒப்பரேசன் செய்த பக்கம் கீழே படாமல் படுங்கள். மூக்கைச் சிந்தவே கூடாது, துடைக்கலாம். தும்மல் வந்தால் அடக்காமல் வாயை அகலத் திறந்து தும்மவும், வாயை மூடித் தும்மினால் அந்தக் காற்று நடுக்காதுக்குள் போய் ஒட்டுத் துண்டைத் தள்ளிவிடும். மூக்கைப் பொத்திக் காதுக்குக் காற்று விட்டு "அடைப்பு எடுக்கிற" பழக்கம் இருந்தால் அதையும் மறக்க வேண்டும். மலம் இறுகி முக்காமல் இருக்கப் பழமும் கீரையும் தண்ணீரும். தண்ணீர்க் குடம், விறகு, பிள்ளை, எதையும் தூக்க வேண்டாம், வீட்டில் மற்றவர்கள் கொஞ்சம் உழைக்கட்டும். தையல் ஒரு கிழமை பத்து நாளில் வெட்டுவார்கள், காதுக்குள் வைத்த துணியை அவர்கள்தான் எடுப்பார்கள், நீங்கள் இழுக்காதீர்கள். கனடா, லண்டன் என்று பயணம் இருந்தால் டொக்டர் சரி சொல்லும்வரை விமானம் ஏற வேண்டாம்.

இந்தக் காலத்தில் காது முழுக்க அடைத்த மாதிரி இருக்கும், சின்னக் கிளிக் சத்தம் வரும், கொஞ்சம் இரத்தம் கலந்த நீர் வடியும். இவை வழமை. காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வலி, சீழ், நிற்க முடியாத தலைச்சுற்று, நிற்காத இரத்தம், கண் மூட முடியாமல் முகம் இழுத்தல், இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

உள்ளே வைத்தது கரைந்து முடியும்வரை கேட்கிறதா என்று சோதித்துப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். இரண்டு மூன்று மாதத்தில் திரும்ப ஓடியோகிராம் எடுப்பார்கள். பழைய தாளைப் பத்திரமாகக் கிளினிக் கொப்பிக்குள் வைத்திருந்து கொண்டுபோங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரியும். சின்னம்மாவுக்குச் சவ்வு மூடிவிட்டது, நரம்பால் போன பங்கு போனதுதான், ஆனால் இப்போது இடது பக்கம் நின்று கூப்பிட்டாலும் திரும்புகிறா. தலை முழுகலாம் என்று டொக்டர் சொன்ன நாளில் கிணற்றடியில் நான்கு வாளி அள்ளி வார்த்தா, பஞ்சு இல்லாமல்.