முதல் அறுபது அடியில் போகிற நேரம்: டிராக் ரேஸ் ஸ்டார்ட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரீமேப் செய்து, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றி, முப்பது நாற்பது குதிரைத்திறன் கூட்டிய டர்போ கார் பச்சை விளக்கு எரிந்ததும் புகையைக் கிளப்பிக்கொண்டு நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுற்றும். பக்கத்துத் தடத்தில் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் ஒரு கார் சத்தமில்லாமல் நகர்ந்து இரண்டு கார் நீளம் முன்னால் போயிருக்கும். டிராக் ரேஸ் (drag race), அதாவது இரண்டு கார்கள் நின்ற இடத்திலிருந்து கிளம்பி நேர்கோட்டில் பெரும்பாலும் கால் மைல் ஓடும் போட்டி, பார்த்தவர்களுக்கு இது பழகிய காட்சி. சக்திக்குச் செலவழித்த பணம் முழுக்க டயருக்கும் தரைக்கும் நடுவே புகையாகப் போகிறதே என்று எனக்கு ஒவ்வொரு முறையும் மனசு கஷ்டப்படும்.

கால் மைல் என்பது 402 மீட்டர். ஓடி முடித்ததும் கையில் தரும் சீட்டில் மொத்த நேரத்தைத்தான் எல்லோரும் முதலில் பார்க்கிறார்கள். நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது 60 அடி நேரம், அதாவது முதல் 18.3 மீட்டரைக் கடக்க ஆன நேரம். ரோடு டயரில் ஓடும் முன்சக்கர டிரைவ் கார் அதை 2.2 முதல் 2.5 நொடியில் கடக்கும். இங்கே 0.1 நொடி மிச்சம் பிடித்தால் கடைசிக் கோட்டில் ஏறக்குறைய 0.15 முதல் 0.2 நொடி குறையும் என்பது அனுபவக் கணக்கு. அவ்வளவு நேரத்தை இன்ஜின் வேலையில் குறைக்க எவ்வளவு செலவாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

நம் ஊரில் பெரும்பாலானவை முன்சக்கர டிரைவ் கார்கள். இவற்றுக்குப் பிறவியிலேயே ஒரு சிக்கல் உண்டு. 1,200 கிலோ கார் ஒன்று நிற்கும்போது முன்சக்கரங்கள் மேல் சுமார் 720 கிலோ இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேகமாகக் கிளம்பினால் அதில் 100 கிலோ அளவுக்குப் பின்பக்கம் போய்விடும். இழுக்க வேண்டிய சக்கரத்துக்கு, இழுக்கும் நேரத்தில்தான் எடை குறைகிறது. பின்சக்கர டிரைவ் காரில் இதுவே சாதகம். இன்ஜின் சுழற்றும் சக்கரத்தின் மேல்தான் எடை போய் உட்காருகிறது. அதனால் பின்சக்கர டிரைவ் காருக்கென்று சொல்லப்பட்ட யோசனைகளை அப்படியே முன்சக்கர டிரைவ் காரில் செய்து பார்ப்பதே பெரிய தவறு. டிக்கியில் மூட்டை வைப்பதும், பின் சஸ்பென்ஷனை மென்மையாக்குவதும் முன்சக்கர டிரைவ் காரை இன்னும் வழுக்கத்தான் வைக்கும். ஸ்டெப்னி, ஜாக்கி, டிக்கியில் கிடக்கும் சாமான் எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள். பின்பக்கம் எவ்வளவு குறைவாக அமுங்குகிறதோ அவ்வளவு நல்லது.

அடுத்தது, 5,000 ஆர்பிஎம்முக்கு ரெவ் ஏற்றி கிளட்ச்சைச் சட்டென்று விடுவது. சத்தம் கேட்க நன்றாக இருக்கும், கார் நகராது. டயர் கொஞ்சம் வழுக்கும்போதுதான் அதன் பிடி உச்சத்தில் இருக்கும். தரை வேகத்தைவிட பத்துப் பதினைந்து சதவீதம் கூடுதலாகச் சக்கரம் சுற்றினால் போதும், அதைத் தாண்டினால் பிடி விழுந்துவிடும். 2,500-ல் ஆரம்பியுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் 200, 300 என்று ஏற்றி, 60 அடி நேரம் எங்கே குறைவதை நிறுத்துகிறதோ அங்கே நில்லுங்கள். கிளட்ச்சை ஒரே உதையாக விடாமல், கார் நகரத் தொடங்கும் புள்ளியில் ஒரு கணம் பிடித்து விடுங்கள். அப்படியும் சக்கரம் சுற்றினால் ஆக்சிலேட்டரைக் கால்வாசி மட்டும் தளர்த்துங்கள். முழுக்க எடுத்தால் டர்போ அழுத்தம் விழும், திரும்ப ஏறுவதற்குள் அந்த ஓட்டம் போச்சு.

சக்கரம் வழுக்கும் நேரத்தில் சில சமயம் முன்பக்கத்திலிருந்து டக டக டகவென்று உதறல் வரும், கியர் லீவர் கையில் துள்ளும். டயர் பிடிப்பதும் விடுவதுமாக மாறி மாறிக் குதிக்கிறது என்று அர்த்தம். இதை மட்டும் சமாளித்து ஓட்டப் பார்க்காதீர்கள், உடனே காலை எடுத்துவிடுங்கள். ஆக்ஸில் முறிவதும் அதைச் சக்கரத்தோடு இணைக்கும் சிவி ஜாயின்ட் உடைவதும் பெரும்பாலும் இந்த உதறலில்தான். திரும்பத் திரும்ப வந்தால் முதலில் இன்ஜினைத் தாங்கிப் பிடிக்கும் மவுண்டைப் பாருங்கள். ரப்பர் தளர்ந்துபோன மவுண்டை மாற்றியதுமே உதறல் பாதிக்கு மேல் அடங்கிய கார்கள் உண்டு.

டயர் காற்றில் இரண்டு விதமாகவும் தப்பு நடக்கிறது. சிலர் பெட்ரோல் பங்கில் அடித்த 33 பிஎஸ்ஐயோடு அப்படியே வந்து நிற்பார்கள். சிலர் யாரோ சொன்னதைக் கேட்டு 15-க்கு இறக்கிவிடுவார்கள். அது டிராக் ரேஸுக்கென்றே செய்த டயருக்கான கணக்கு. சாதாரண ரேடியல் டயரில் அவ்வளவு குறைத்தால் நடுப்பகுதி உள்ளே வளைந்து ஓரங்கள் மட்டும்தான் தரையில் படும், அதிவேகத்தில் ஆபத்தும்கூட. இன்ஜின் சுழற்றும் சக்கரத்தில் இரண்டிரண்டு பிஎஸ்ஐயாகக் குறைத்துப் பாருங்கள், 24, 26 பக்கம் உங்கள் அளவு கிடைக்கலாம். ஒரு எளிய வழி உண்டு. டயரின் அகலத்துக்குக் குறுக்கே சாக்பீஸால் தடிமனாக ஒரு கோடு போட்டு, நேராகக் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு இறங்கிப் பாருங்கள். கோடு முழு அகலத்துக்கும் ஒரே மாதிரி அழிந்திருந்தால் சரி. நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம், இரு ஓரமும் அழிந்து நடுவில் கோடு மிச்சமிருந்தால் குறைவு. உள் ஓரம் மட்டும் அழிந்திருந்தால் அழகுக்காக வைத்த கேம்பர், அதாவது சக்கரத்தின் உள்சாய்வுதான் காரணம். முன்சக்கர டிரைவ் காரில் பின் டயர்களுக்கு மட்டும், டயரில் எழுதியிருக்கும் உச்ச அளவுக்குள், கொஞ்சம் கூடுதலாக அடித்துக்கொள்ளலாம். உருளும் தடை குறையும்.

பர்ன்அவுட், அதாவது கிளம்பும் முன் சக்கரத்தை நின்ற இடத்திலேயே சுற்றி டயரைச் சூடேற்றுவது பற்றியும் சொல்ல வேண்டும். டிராக் டயருக்கு அது அவசியம். பட்டன் உள்ள ரோடு டயரை அப்படிச் சூடேற்றினால் மேல் ரப்பர் எண்ணெய் பூசின மாதிரி வழவழப்பாகிவிடும். மண்ணும் பொடிக்கல்லும் உதிர ஒன்றிரண்டு நொடி சுற்றினால் போதும். பர்ன்அவுட்டுக்காகத் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கும் இடத்தில் இறங்கவே இறங்காதீர்கள், சுற்றி வாருங்கள். டயர் வரிகளில் ஏறிய தண்ணீர் மட்கார்டு உள்ளே தெறித்து, ஸ்டார்ட் கோட்டில் நிற்கும்போது சொட்டுச் சொட்டாக டயர் மேலேயே விழும். ஏசியும் அப்படித்தான். வரிசையில் நிற்கும்போதே அணைத்துவிடுங்கள். அது சொட்டும் தண்ணீர் உங்களையும் வழுக்கும், பின்னால் வருபவரையும் வழுக்கும்.

18 இன்ச் அலாய், அதற்கு மேல் பட்டையான டயர் என்பது டிராக் ரேஸுக்கு உதவாது. சிறிய ரிம், உயரமான பக்கச்சுவர், மென்மையான ரப்பர், இந்த மூன்றும்தான் கிளம்பும்போது உதவும்.

ஸ்டேஜிங்கில், அதாவது ஸ்டார்ட் கோட்டில் காரைச் சரியாகக் கொண்டுபோய் நிறுத்துவதில், பலர் கவனிக்காத விஷயம் ஒன்று. அமெரிக்காவில் 1951-ல் தொடங்கிய என்எச்ஆர்ஏ என்ற டிராக் ரேஸ் அமைப்பின் முறையில், முன் டயர் ஸ்டார்ட் கோட்டில் குறுக்கே பாயும் ஸ்டேஜ் ஒளிக்கதிரை விட்டு விலகும் கணத்தில்தான் ஓட்ட நேரம் எண்ணத் தொடங்கும். டயர் அந்தக் கதிரைத் தொட்டதைக் காட்டும் இரண்டாவது விளக்கு எரிந்ததும் ஒரு அங்குலம்கூட நகராமல் நின்றால், கடிகாரம் ஓடும் முன்பே கார் கொஞ்சம் உருண்டு வேகம் பிடித்திருக்கும். தாண்டிப் போய் நின்றால் அந்தச் சலுகை போய்விடும். விளக்கைப் பார்த்துக் கிளம்பத் தாமதமானால் எதிராளியிடம் தோற்கலாம், ஆனால் உங்கள் ஓட்ட நேரம் கெடாது. அதனால் பழகும் நாளில் பச்சைக்குப் பதறாதீர்கள், கிளட்ச்சில் கவனம் வையுங்கள்.

டிஎஸ்ஜி போன்ற இரட்டைக் கிளட்ச் வண்டியில் காரைத் தானாகவே வேகமாகக் கிளப்பிவிடும் லாஞ்ச் கன்ட்ரோல் இருக்கிறதே என்று அடுத்தடுத்து ஐந்தாறு தடவை போடாதீர்கள். கிளட்ச் சூடாகி நேரம் ஒவ்வொரு ஓட்டத்திலும் மோசமாகும். நடுவில் இருபது நிமிடமாவது பானெட்டைத் திறந்து வையுங்கள். அந்த இடைவெளியில் நோட்டில் எழுதுங்கள்: காற்று, ஆர்பிஎம், வெயிலா நிழலா, 60 அடி நேரம். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது உதவியது என்று தெரியவே தெரியாது.

இதையெல்லாம் இரவு இரண்டு மணிக்கு ஈசிஆரில் செய்து பார்க்க நினைக்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவின்படி அது குற்றம். எதிரே எந்தப் பாவமும் அறியாத குடும்பம் வந்துகொண்டிருக்கலாம். மணலும் தூசியும் படிந்த அந்த ரோட்டில் எடுத்த நேரம் எதற்கும் பயன்படாது. முறையாக அனுமதி பெற்று நடத்தும் நாளுக்காகக் காத்திருங்கள், ஹெல்மெட் எடுத்துப் போங்கள்.

அப்புறம், கிளம்பும் முன் காற்று அடிக்கும் பம்ப்பை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 24 பிஎஸ்ஐயோடு நெடுஞ்சாலையில் வீடு திரும்பக் கூடாது, ரேஸ் நடக்கும் இடத்தின் வாசலிலேயே நிரப்பிவிடுங்கள்.