மைசூர் போனோம், சண்டை இல்லாமல்

எங்கள் வீட்டில் ஊர் சுற்றக் கிளம்பினால், அப்பாவுக்கு எல்லாம் மணிப்படி நடக்க வேண்டும். பிள்ளைகளோ பார்த்த இடத்திலெல்லாம் நின்றுவிடுவார்கள். நடுவில் மாட்டுவது நான்.

மைசூருக்குத் திட்டம் போட்டபோது, நாளும் நேரமும் நம் கையில் இல்லாதவற்றை மட்டும் தாளில் எழுதினேன். மிருகக்காட்சி சாலைக்குச் செவ்வாய் விடுமுறை. அரண்மனை விளக்கு அலங்காரத்துக்கு ஞாயிறு சாயங்காலம். சரி, சனிக்கிழமை கிளம்புவோம் என்று முடிவாயிற்று. காலைக்கு ஓர் இடம், அவ்வளவுதான். மதியத்துக்கு மேல் எதுவும் எழுதவில்லை.

அறையை தேவராஜா மார்க்கெட்டுக்கு நடந்துபோகும் தூரத்தில் எடுத்தது பெரிய உதவி. களைத்தவர் திரும்பிவிடலாம், மற்றவர் சுற்றலாம்.

மார்க்கெட்டில் குங்குமத்தைக் கூம்பு கூம்பாகக் குவித்த கடை முன் மகள் நின்றுவிட்டாள். நீலத்தில்கூட இருந்தது. கடைக்காரர் ஒவ்வொரு நிறமாக அவள் புறங்கையில் தொட்டு வைத்தார். அரைமணி போயிருக்கும். அப்பா கடிகாரம் பார்க்கவில்லை. நஞ்சன்கூடு வாழைப்பழத்துக்கு விலை பேசிக்கொண்டிருந்தார், வாங்கும் எண்ணமே இல்லாமல்!

சாமுண்டி மலை மட்டும் விட்டுப்போயிற்று. அம்மாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். அடுத்த தடவை காலைக்கு முதலில் அதைத்தான் எழுத வேண்டும்.