ரிப்போர்ட்டில் அம்புக்குறி இருந்தால் அது நோயா? உடலிலும் மனதிலும் இயல்பு மாறியதைக் கண்டறியும் முறை

மாஸ்டர் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் கண் முதலில் போவது தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கும் எண்கள் மேல்தான். பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி இருந்துவிட்டால் அன்றைக்குத் தூக்கம் போய்விடும். அந்தக் குறியைப் பெரும்பாலும் போடுவது கணினி. எண் வரம்புக்கு வெளியே இருக்கிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும்.

அந்த வரம்பு எப்படி வருகிறது? நலமாக இருக்கும் பலரின் ரத்தத்தைச் சோதித்து, நடுவில் விழும் 95 சதவீதத்தினரின் அளவை 'இயல்பு' என்று எடுத்துக்கொள்கிறார்கள். மேலே இரண்டரை, கீழே இரண்டரை சதவீதம் பேர் எந்த நோயும் இல்லாமலே வெளியே நிற்பார்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 சோதனைகள் செய்தால், முழு ஆரோக்கியத்தோடு இருப்பவருக்கும் ஒன்றாவது வெளியே விழ ஏறக்குறைய 64 சதவீத வாய்ப்பு உண்டு. வரம்பை மயிரிழையில் தாண்டிய ஒற்றை எண்ணுக்காகக் கலங்க வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

எல்லா வரம்பும் இப்படிப் போடப்படுவதில்லை. வெறும் வயிற்றுச் சுகர் 126 மி.கி. என்ற கோடு சராசரியைப் பார்த்துப் போட்டதல்ல. அந்த அளவை ஒட்டித்தான் கண்ணின் விழித்திரை பாதிக்கப்படுவது கூடத் தொடங்குகிறது. 1997 வரை அந்தக் கோடு 140-இல் இருந்தது. பாதிப்பு அதற்கு முன்பே தொடங்குவது தெரிந்ததும் கீழே இறக்கினார்கள். 'ஊரில் எல்லோருக்கும் இப்படித்தான் இருக்கிறது' என்பதும் ஆறுதல் ஆகாது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிப்பேருக்கு மேல் இருக்கிறது என்பதால் 10 கிராம் ஹீமோகுளோபின் இயல்பாகிவிடாது. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12, கர்ப்பிணிக்கு 11, ஆணுக்கு 13: இதற்குக் கீழே போனால் காரணம் தேட வேண்டும்.

முதலில், அளந்த விதத்தைச் சந்தேகப்படுங்கள்

பிரஷரை எடுத்துக்கொள்வோம். மாடிப்படி ஏறி வந்தவரை உட்காரவைத்து, பேசிக்கொண்டே, சட்டைக் கைமேல் பட்டையைச் சுற்றி, கையைத் தொங்கவிட்டு எடுத்தால் வருவது அவருடைய பிரஷர் அல்ல. எடுப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து காபியும் சிகரெட்டும் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகைச் சாய்த்து, இரண்டு பாதமும் தரையில் பட, கால்மேல் கால் போடாமல் 5 நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கை மேசைமேல், பட்டை இதய உயரத்தில். பட்டைக்குள் இருக்கும் ரப்பர் பை மேற்கையின் சுற்றளவில் 80 சதவீதத்தையாவது சுற்ற வேண்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை போட்டால் எண் பொய்யாக ஏறும். மாத்திரையே தேவைப்படாதவர் மாத்திரை சாப்பிடத் தொடங்குவார். அதனால் மெஷின் வாங்கும் முன் டேப்பால் மேற்கையை அளந்துகொள்ளுங்கள்.

டாக்டரைப் பார்த்ததும் பிரஷர் ஏறுகிறவர்கள் நிறைய. 7 நாள் வீட்டில் காலை இரண்டு முறை, மாலை இரண்டு முறை, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிட இடைவெளி விட்டு எடுங்கள். முதல் நாளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியைப் போடுங்கள். கிளினிக்கில் 140/90 என்பது கோடு என்றால் வீட்டில் அது 135/85. ஆனால் 180/120-ஐத் தாண்டி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல் ஏதாவது இருந்தால் 7 நாள் கணக்கெல்லாம் கிடையாது, உடனே ஆஸ்பத்திரி.

ரத்தச் சோதனையிலும் இதே கதைதான். எடுத்த ரத்தத்தில் சிவப்பணுக்கள் உடைந்தால் பொட்டாசியம் பொய்யாகக் கூடும். முடி வளர என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவருக்குச் சில லேப் முறைகளில் தைராய்டு எண் தடம் மாறிவிடும். அந்த மாத்திரை சாப்பிடுவதை முன்கூட்டியே சொல்லுங்கள். இரும்புச்சத்துக் குறைவு இருப்பவருக்கு மூன்று மாத சராசரி சுகர் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும்.

அடுத்தது, மறுபடி பாருங்கள். அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஒரே ஒரு எண்ணை வைத்துச் சர்க்கரை நோய் என்று சொல்லக் கூடாது. இரண்டு முடிவுகள் ஒத்துப்போக வேண்டும். தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.ஹெச். லேசாகக் கூடியிருந்தால் இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி எடுத்துப் பார்ப்பதுதான் வழக்கம்.

மனதுக்கு ரத்தச் சோதனை இல்லை

மனச்சோர்வு நோயை உறுதிப்படுத்த எந்த லேபும் எண் தராது. கேட்க வேண்டியவை இவை: இவர் முன்பு இருந்ததிலிருந்து மாறியிருக்கிறாரா? எத்தனை நாளாக? அவருக்கு வேதனை தருகிறதா? வேலை, சமையல், குளியல், உறவு எது தடைபட்டது? அவருக்கோ பிறருக்கோ ஆபத்து உண்டா? மற்றவர்களிலிருந்து வித்தியாசமாக இருப்பது மட்டும் நோய் ஆகாது. ஒருபால் ஈர்ப்பை அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1973-லும் உலக சுகாதார நிறுவனம் 1990-லும்தான் நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கின. சமூகம் ஒப்பாததையெல்லாம் நோய் என்று எழுதினால் எத்தனை பேர் வாழ்க்கை நொறுங்கும் என்பதை மறக்கக் கூடாது.

கோயில் கொடையில் சாமி வந்து ஆடுகிறவருக்கும் இது பொருந்தும். உரிய இடத்தில், உரிய நேரத்தில் வந்து, மலையேறியதும் அவர் தன் வேலையைப் பார்க்கிறார் என்றால் அது நோயல்ல. வேண்டாதபோதும் வந்து, கட்டுக்குள் நிற்காமல், பிழைப்பைக் கெடுத்தால்தான் மருத்துவர் பார்க்க வேண்டும்.

மனச்சோர்வுக்கு, மனநோய்களை வகைப்படுத்தும் டி.எஸ்.எம். கையேட்டின் கோடு: 9 அறிகுறிகளில் 5, 2 வாரம், ஏறக்குறைய தினமும், அவற்றில் சோகமோ ஆர்வமின்மையோ ஒன்று கட்டாயம். வீட்டில் பயன்படுவது பி.ஹெச்.க்யூ-9 என்ற 9 கேள்வித்தாள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் டாக்டரைப் பாருங்கள். அது சலித்தெடுக்கும் கருவிதான், நோய்த் தீர்ப்பு அல்ல. ஆனால் ஒன்பதாம் கேள்வி சாவைப் பற்றியது. அதில் 1 வந்தாலும் மொத்தம் எவ்வளவு என்று பார்க்காமல் உடனே பேச வேண்டும்.

'மனசு சோர்வா இருக்கா?' என்று நேராகக் கேட்டால் பலர் இல்லை என்றுதான் சொல்வார்கள். உடம்பெல்லாம் வலி, அசதி, நெஞ்சு படபடப்பு என்றே சொல்லி வருவார்கள். 'அம்மா, சாயங்காலம் சீரியல் பார்க்கிறதையே விட்டுட்டீங்களே, பிடிக்கலையா?' 'விடியக்காலம் மூணு மணிக்கே முழிப்பு வந்துடுதா?' என்று கேளுங்கள். பதில் வரும்.

இங்கே அடிக்கடி நேரும் தவறுகள் மூன்று. தைராய்டு, பி12, ரத்தசோகை, குடி, ஸ்டீராய்டு மாத்திரை ஆகியவற்றைப் பார்க்காமலே மனநோய் என்று முடிவுகட்டுவது ஒன்று. இரண்டாவது, முன்பு எப்போதாவது சில நாட்கள் தூக்கமே தேவைப்படாமல், மட்டற்ற உற்சாகமும் கைமீறிய செலவுமாக இருந்தாரா என்று கேட்காமல் விடுவது. இப்படி மட்டற்ற உற்சாகமும் சோர்வும் மாறிமாறி வரும் இருமுனை நோய் இருப்பவருக்கு மனச்சோர்வு மாத்திரை மட்டும் கொடுத்தால் அது மறுபக்கம் சாய்ந்து வெறியாகலாம். மூன்றாவதுதான் மிகவும் ஆபத்தானது. நேற்றுவரை தெளிவாக இருந்த முதியவர் இன்று திடீரெனக் குழம்பி, காலையில் ஒரு மாதிரி, இரவில் வேறு மாதிரி பேசினால் அதை 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, புது மருந்து எதுவும் காரணமாக இருக்கலாம். அன்றைக்கே காட்ட வேண்டிய அவசரம் அது.

டாக்டரிடம் போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எப்போது தொடங்கியது, எது நின்றுபோனது, சாப்பிடும் எல்லா மாத்திரையும் (நாட்டு மருந்து, சத்து மாத்திரை உட்பட), பழைய ரிப்போர்ட்டின் அதே எண்கள் தேதியோடு. சாவைப் பற்றிய பேச்சு வந்தால் தாள் எழுதக் காத்திருக்க வேண்டாம். இந்தியாவில் 14416, இலங்கையில் 1926 எண்ணுக்கு அழைத்து, அவரைத் தனியே விடாமல் பக்கத்தில் இருங்கள்.