அமைதியான ஆத்துல முதல் கயாக் டிரிப் போறீங்களா, படகை விட ஆத்தைத் தான் நல்லா பாக்கணும்

முதல் தடவை போறவங்க எல்லாரும் கேக்கற கேள்வி கயாக்கா கனூவான்னு தான். அது பெரிய விஷயமே இல்ல. கயாக்ல காலை நீட்டி தாழ்வா உக்காந்து ரெண்டு முனைலயும் பிளேடு இருக்கற துடுப்பைப் போடுவோம். கனூ மேல திறந்திருக்கும், சீட் கொஞ்சம் உயரம், துடுப்புல ஒரு முனைல மட்டும் தான் பிளேடு. தனியா ஒரு படகுல போறீங்கன்னா கயாக், ரெண்டு பேரு, குழந்தை, மூட்டை முடிச்சுன்னா கனூ, அவ்ளோதான். கயாக்லயே மேல உக்கார்ற மாதிரி திறந்த மாடல் கிடைச்சா அதையே எடுங்க, கவுந்தாலும் உள்ள மாட்டிக்க மாட்டீங்க, ஏறுன தண்ணியும் ஓட்டை வழியா தானா வடிஞ்சிடும். 10ல இருந்து 12 அடி நீளம், 28-30 இன்ச் அகலம் இருந்தா ஆட்டம் கம்மியா இருக்கும்.

இப்ப ஆத்துக்கு வருவோம். ஆத்தோட கஷ்டத்தை 1ல இருந்து 6 வரை கிளாஸ் போட்டுப் பிரிப்பாங்க, புதுசா போறவங்களுக்கு ஓட்டமே இல்லாத தண்ணி இல்லன்னா கிளாஸ் 1 போதும். ஆனா அந்த நம்பர மட்டும் நம்பி இறங்காதீங்க, மேல எங்கயாவது மழை பெஞ்சாலோ அணைல தண்ணி திறந்தாலோ அதே ஆறு வேற ஆறு ஆயிடும். கலங்கி, குப்பை கட்டையெல்லாம் அடிச்சுக்கிட்டு வந்தா அன்னைக்கு திரும்பிப் போயிடறது தான் புத்திசாலித்தனம். ஓட்டம் எவ்ளோன்னு பாக்க ஒரு சுள்ளியைத் தூக்கிப் போட்டு கரையோரமா கூடவே நடங்க. நீங்க சாதாரணமா நடக்கற வேகத்துக்கே சுள்ளியும் வருதுன்னா அந்த ஓட்டத்தை எதிர்த்து உங்களால திரும்பி வர முடியாது, ஏன்னா புதுசா துடுப்பு போடறவங்க வேகமே மணிக்கு 4-5 கிலோமீட்டர் தான். சுள்ளி ரொம்ப மெதுவா நகர்ந்தா சரி.

ஆள் உயிருக்கே ஆபத்துன்னு சொன்னா ரெண்டு விஷயம். ஒண்ணு, ஆத்துக்குள்ள விழுந்து கிடக்கற மரம். கிளைக்கு நடுவுல தண்ணி போயிடும், நீங்களும் படகும் போக முடியாது, தண்ணி அப்படியே வச்சு அழுத்திடும். ஆறு வளையற இடத்துல வெளிப்பக்கம் ஓட்டம் வேகமா கரையை அரிக்கும், அதனால மரமும் அங்க தான் அதிகமா விழும், வளைவுன்னாலே உள்பக்கமா ஒதுங்கிப் போங்க. ரெண்டாவது, ஆத்துக்குக் குறுக்க இருக்கற குட்டை தடுப்பணை. படகுல இருந்து பாத்தா ஒரு நேர்கோடு மாதிரி தான் தெரியும், தாண்டிக் குதிச்சிடலாம்னு தோணும், ஆனா கீழ விழற தண்ணி உருண்டு உருண்டு அதே இடத்துக்கு இழுத்துக்கிட்டே இருக்கும், நல்லா நீச்சல் தெரிஞ்சவங்களையே விடாது. முன்கூட்டியே மேப்ல பாத்து வச்சுக்கிட்டு ரொம்ப முன்னாடியே கரை ஏறி படகைத் தூக்கிக்கிட்டு சுத்திப் போயிடுங்க.

முதல் டிரிப்புக்கு ரெண்டு மணி நேரம், 5-6 கிலோமீட்டர் தாராளம். ஓட்டம் கம்மியான ஆறுன்னா முதல்ல எதிர்த்துப் போங்க, தெம்பு இருக்கும்போதே கஷ்டத்தை முடிச்சிட்டா திரும்பும்போது ஆறே கூட்டிட்டு வந்துடும், வண்டிய ரெண்டு இடத்துல நிறுத்தற தொல்லையும் இல்ல. ஒரே திசைல தான் போறீங்கன்னா ஒரு வண்டி முடியற இடத்துல நிக்கணும், அதோட சாவி உங்க கூட டிரை பேக்ல (தண்ணி புகாத பை) இருக்கணும் (ஆரம்பிச்ச இடத்துல நிக்கற கார்லயே இந்த சாவிய விட்டுட்டு கிளம்பறது படகுக்காரங்க அடிக்கடி பண்ற தப்பு). காலைலயே கிளம்பிடுங்க, பொதுவா மதியத்துக்கு மேல தான் காத்து ஏறும், உயரமான கனூவை அது சுலபமா தள்ளிடும்.

லைஃப் ஜாக்கெட்டைப் படகுல வச்சுக்கறது இல்ல, போட்டுக்கறது. ஸ்ட்ராப்பெல்லாம் இறுக்கிட்டு தோள்பட்டைய யாரையாவது மேல இழுக்கச் சொல்லுங்க, காது வரைக்கும் ஏறுதுன்னா லூஸ். டிரெஸ் வெயிலுக்கு ஏத்த மாதிரி இல்ல, தண்ணியோட குளிருக்கு ஏத்த மாதிரி, காட்டன் வேண்டாம், நனைஞ்சா சீக்கிரம் காயாது. கால்ல கழண்டு போகாத செருப்பு.

துடுப்பு போடறதுல புதுசா வர்றவங்க நிறைய பேரு பிளேடைத் திருப்பித் தான் பிடிப்பாங்க. குழிவான பக்கம் உங்களப் பாத்து இருக்கணும், பிளேடு ரெண்டு ஓரமும் ஒரே நீளமா இல்லன்னா நீளமான ஓரம் மேல. துடுப்பைத் தலைல வச்சுப் பிடிச்சா முழங்கை ரெண்டும் கிட்டத்தட்ட 90 டிகிரி, அது தான் கைய வைக்க வேண்டிய இடம். கால்விரல் பக்கத்துல பிளேடை முக்கி, இடுப்புகிட்ட வந்ததும் வெளிய எடுத்துடுங்க, அதுக்கும் பின்னாடி இழுத்தா படகு திரும்புமே தவிர முன்னாடி போகாது. கையால இழுக்காம இடுப்புக்கு மேல உடம்பைத் திருப்பி இழுங்க, தயிர் கடையும்போது உடம்பு ஆடுமே அந்த மாதிரி. பிடி லூஸா இருக்கட்டும், இறுக்கிப் பிடிச்சா கொப்புளம் தான். திரும்பணும்னா திரும்பற திசைக்கு எதிர்ப்பக்கம் படகோட மூக்குல இருந்து வால் வரைக்கும் பெரிய அரைவட்டமா போடுங்க. கனூல பின்னாடி உக்காந்திருக்கறவரு தான் டிரைவர், முன்னாடி இருக்கறவரு ஒரே சீரா துடுப்பு போட்டு தாளம் கொடுத்தா போதும். இத ஏறதுக்கு முன்னாடியே பேசி முடிச்சிடுங்க, புருஷன் பொண்டாட்டி சண்டை நிறைய இங்க தான் ஆரம்பிக்குது.

கவுந்துட்டா? மல்லாந்து படுத்து, கால் ரெண்டும் தண்ணி போற திசையப் பாத்து மேல தெரியற மாதிரி மிதந்துக்கிட்டே கரைக்கு ஒதுங்குங்க. படகைப் பிடிச்சுக்கலாம், ஆனா படகுக்கு தண்ணி வர்ற பக்கமா இருங்க, இல்லன்னா பாறைக்கும் படகுக்கும் நடுவுல நசுங்குவீங்க. முழங்காலுக்கு மேல ஓடற தண்ணில எந்திரிச்சு நிக்கவே நிக்காதீங்க, கல் இடுக்குல கால் மாட்டிக்கிச்சுன்னா ஓட்டம் முகத்தைத் தண்ணிக்குள்ள தள்ளிடும். பாறைல பக்கவாட்டுல போய் மோதப் போறீங்கன்னா பயத்துல பாறைய விட்டு விலகி சாயத் தோணும், அப்படி சாஞ்சா தண்ணி ஏறி கவுத்துடும், பாறைப் பக்கமே சாயுங்க. கிளம்பறதுக்கு முன்னாடி கரையோரம் இடுப்பளவு அசையாத தண்ணில ஒரு தடவை வேணும்னே கவுந்து, திரும்ப ஏறிப் பாத்துட்டுப் போங்க.

இறங்கும்போது நேரா கரைல போய் முட்டாதீங்க. கொஞ்சம் முன்னாடியே படகு மூக்கை ஓட்டத்துக்கு எதிரா திருப்பி, மெதுவா துடுப்பு போட்டுக்கிட்டே பக்கவாட்டுல நகர்ந்து ஒதுங்குங்க, படகு உங்க கண்ட்ரோல்ல இருக்கும். கனூல ஒருத்தர் இறங்கி முடிக்கற வரைக்கும் இன்னொருத்தர் உக்காந்தே இருக்கணும், ரெண்டு பேரும் ஒண்ணா எந்திரிச்சா கரையத் தொட்டுட்டும் நனைவீங்க.