பல கேமராக்கள், ஒரே நேரம்: திருமணப் படப்பிடிப்புக் குழுவினருக்கான வழிகாட்டி

கெட்டிமேளம் ஒலிக்கும் அந்த ஒரு நிமிடத்தில் மண்டபத்தில் குறைந்தது மூன்று கேமராக்களாவது இயங்கிக்கொண்டிருக்கும். மறுநாள் எல்லா மெமரி கார்டுகளையும் ஒரே கோப்புறையில் இறக்கி, எடுத்த நேரத்தின்படி படங்களை வரிசைப்படுத்துவதுதான் ஆல்பம் வேலையின் முதல் படி. அப்போது ஒரு கேமராவின் கடிகாரம் மட்டும் நாற்பது விநாடி பின்தங்கியிருந்தது என்றால், அதில் பதிவான அட்சதைப் படங்கள் முன்னால் வந்து நிற்கும். மற்ற கேமராவில் மணமகன் தாலியைக் கையில் வாங்கும் படம் அவற்றுக்குப் பின்னால் வரும். நான்காயிரம் படங்களில் இப்படிக் கலந்துபோனவற்றைக் கண்ணால் பார்த்துப் பிரித்து அடுக்குவது மிகுந்த நேரத்தை விழுங்கும் வேலையாகும். படப்பிடிப்புக்கு முன் சில நிமிடங்கள் ஒதுக்கினால் இதை முழுவதுமாகத் தவிர்த்துவிடலாம்.

கேமராவுக்குள் இருக்கும் கடிகாரமும் சாதாரண கைக்கடிகாரத்தைப் போல, விநாடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகத்தை நம்பியே ஓடுகிறது. இத்தகைய படிகங்களில் பத்து லட்சத்துக்கு இருபது என்ற அளவு பிழை இயல்பானது. அதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.7 விநாடி, மாதத்துக்கு ஏறத்தாழ 50 விநாடி. ஒரு கேமரா முந்தியும் மற்றொன்று பிந்தியும் ஓடினால் இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் ஒரே மாதத்தில் ஒன்றரை நிமிடத்தைக் கடந்துவிடக்கூடும். இந்தப் படிகம் 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சரியாக ஓடும்படி வெட்டப்படுவதால், அதைவிட வெப்பம் கூடினாலும் குறைந்தாலும் கடிகாரம் மெதுவாகவே ஓடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் பையோடு கிடக்கும் கேமராவும் குளிரூட்டப்பட்ட அறையில் இருக்கும் கேமராவும் ஒரே வேகத்தில் நேரம் காட்டாததற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே, கேமரா வாங்கியபோது ஒருமுறை நேரம் வைத்ததே போதும் என்று இருந்துவிடக் கூடாது. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன் புதிதாக வைக்க வேண்டும்.

நேரம் வைக்கும்போது குழுவிலுள்ள எல்லோரும் ஒரே மூலத்தைப் பின்பற்ற வேண்டும். தானியங்கி நேரம் இயக்கப்பட்ட ஒரு கைபேசி இதற்குப் போதுமானது. விநாடி முள்ளோ விநாடி எண்ணோ தெரியும் கடிகாரச் செயலியை அதில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு கைபேசியைப் பார்த்து வைப்பதைவிட ஒரே கைபேசியைச் சுற்றி அமர்ந்து வைப்பதே நல்லது. கேமராவின் மெனுவில் முதலில் நேர மண்டலத்தைப் பார்த்து, இந்திய நேரமான +5:30 தேர்வாகியிருப்பதை உறுதிசெய்யுங்கள். வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த கேமராக்களில் கோடைகால நேரம் என்ற அமைப்பு இயங்கிக்கொண்டிருப்பதுண்டு; அதை அணைக்காமல் மணியை மட்டும் திருத்தினால், பின்னால் யாராவது அந்த அமைப்பை மாற்றும்போது ஒரு மணி நேரம் மொத்தமாக நகர்ந்துவிடும். அதிகாலை முகூர்த்தத்துக்கு முற்பகல், பிற்பகல் குழப்பமும் வரும் என்பதால், 24 மணி நேர முறை இருக்கும் கேமராக்களில் அதையே வைத்துக்கொள்வது பாதுகாப்பானது.

விநாடியைப் பொருத்துவதில் கேமராவுக்குக் கேமரா வேறுபாடு உண்டு. சிலவற்றில் விநாடியையும் நாமே வைக்கலாம். சிலவற்றில் மணியும் நிமிடமும் மட்டுமே இருக்கும், உறுதிசெய்யும் பொத்தானை அழுத்திய நொடியில் விநாடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். இந்த இரண்டாம் வகையில் அடுத்த நிமிடத்தை முன்கூட்டியே வைத்துவிட்டு, கைபேசியில் விநாடி 00 ஆகும் கணத்தில் அழுத்த வேண்டும். நிக்கானின் ஸ்னாப்பிரிட்ஜ், கேனானின் கேமரா கனெக்ட் போன்ற செயலிகள் கைபேசியின் நேரத்தைக் கேமராவுக்கு மாற்றித் தரும் என்றாலும், எந்த மாடலில் எந்த அளவுக்கு அது நடக்கிறது என்பதை நிகழ்ச்சிக்கு முன்பே சோதித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் ஓரிரு விநாடி வித்தியாசம் எஞ்சும். அதனால் நேரம் வைப்பதைக் காட்டிலும் நான் கூடுதலாக வலியுறுத்துவது அடுத்த வேலையைத்தான்: விநாடி தெரியும் அதே கைபேசித் திரையை ஒவ்வொரு கேமராவாலும் ஒரு படம் எடுத்துவிடுங்கள். ஷட்டர் வேகம் 1/125 அளவில் இருக்கட்டும். பிளாஷ் வேண்டாம், திரையில் பட்டு எண்கள் மறைந்துபோகும். மெனுவில் பிழையே நேர்ந்திருந்தாலும், இந்த ஒரு படம் கையில் இருந்தால் பின்னர் கணினியில் எல்லாவற்றையும் துல்லியமாகச் சரிசெய்துவிட முடியும். முதல் நாள் மாலை வரவேற்பின் தொடக்கத்தில் ஒன்று, மறுநாள் முகூர்த்தத்துக்கு முன் ஒன்று, எல்லாம் முடிந்தபின் ஒன்று என மூன்று முறை எடுத்தால், இடையில் எந்தக் கேமராவின் நேரமாவது மாறியிருந்தாலும் தெரிந்துவிடும். நேரத்தைத் தக்கவைக்கும் உள் மின்கலம் தளர்ந்துபோன பழைய கேமராக்களில், பேட்டரியைக் கழற்றி நீண்ட நேரம் வைத்திருந்தால் தேதி தொடக்க நிலைக்குத் திரும்பிவிடும். அப்போது திரையில் தேதி கேட்கும் அறிவிப்பை அவசரத்தில் தள்ளிவிடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய சிக்கலை உண்டாக்குகிறது.

இனி திருத்தும் முறை. கடிகாரப் படத்தில் கைபேசி 5:42:18 காட்டுகிறது, அந்தப் படத்தின் தகவல்களில் கேமரா பதிந்த நேரம் 5:41:51 என்று இருக்கிறது என வைத்துக்கொள்வோம். அந்தக் கேமரா 27 விநாடி பின்தங்கியுள்ளது; அதில் எடுத்த எல்லாப் படங்களுக்கும் 27 விநாடி கூட்ட வேண்டும். படங்களை அடுக்கவும் திருத்தவும் உதவும் லைட்ரூம் கிளாசிக் மென்பொருளில் முதலில் அந்தக் கேமராவின் படங்களை மட்டும் வடிகட்டுங்கள். குழுவில் ஒரே மாடல் இரண்டு இருந்தால் மாடல் பெயர் உதவாது. கேமராவின் வரிசை எண்ணைக் கொண்டு பிரிக்க வேண்டும். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தபின் கடிகாரப் படத்தையே முதன்மைப் படமாக்கி, மெட்டாடேட்டா மெனுவிலுள்ள எடிட் கேப்சர் டைம் என்பதில் சரியான நேரமான 5:42:18ஐக் கொடுத்தால், மற்றப் படங்களும் அதே அளவு நகர்ந்துவிடும். பில் ஹார்வி எழுதிய எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருளும் இதையே ஒற்றைக் கட்டளையில் செய்கிறது. இயல்பாக அது மூலக் கோப்பின் நகலையும் வைத்துவிடுவதால் பயப்படத் தேவையில்லை. நேரத்தைக் கொண்டு கோப்புகளுக்குப் பெயர் மாற்றுவதாக இருந்தால், இந்தத் திருத்தம் முடிந்த பிறகே மாற்றுங்கள்.

சிங்கப்பூர், மலேசியா போன்ற இடங்களுக்குப் படமெடுக்கச் செல்லும்போது, இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முந்திய அங்குள்ள நேரத்துக்கு எல்லாக் கேமராக்களையும் மாற்றுங்கள். இல்லையேல் எதையும் மாற்றாதீர்கள். கைபேசியோடு இணைந்த கேமரா தானாக மாறிவிட, இணையாதது இந்திய நேரத்திலேயே நிற்பதுதான் அங்கே வழக்கமாக நேரும் தவறு.

வீடியோவுக்கு விநாடிக் கணக்கு போதாது. வீடியோவில் அடுத்தடுத்து ஓடும் தனிப்படம் ஒவ்வொன்றும் ஒரு பிரேம்; விநாடிக்கு 25 பிரேம் என்றால் ஒரு பிரேம் 40 மில்லி விநாடி. முன்சொன்ன அளவு கடிகாரப் பிழை ஒரு மணி நேரத் தொடர் பதிவில் 72 மில்லி விநாடியாகச் சேர்ந்து, ஏறத்தாழ இரண்டு பிரேம் விலகலைத் தரும். ஒவ்வொரு பிரேமுக்கும் நேரக் குறியீடு தரும் டைம்கோட் கருவிகள் இருந்தால் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பொருத்திவிட்டு ஒவ்வொரு கேமராவிலும் ஒன்றை மாட்டுங்கள்; டைம்கோட் துளை இல்லாத கேமராக்களில் மைக் வழியாக ஓர் ஒலித்தடத்தில் அதைப் பதியலாம். கருவி இல்லாதவர்கள் எல்லாக் கேமராக்களும் ஓடத் தொடங்கியபின் ஒருமுறை பலமாகக் கை தட்டி, எடிட்டிங்கில் ஒலி அலைகளைக் கொண்டு பொருத்தலாம். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு: ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் செல்கிறது. மேடையிலிருந்து 34 மீட்டர் தள்ளி மண்டபத்தின் கடைசியில் நிற்கும் கேமராவுக்கு நாதஸ்வரம் பத்தில் ஒரு விநாடி தாமதமாகவே கேட்கும். ஒலியை மட்டும் வைத்துப் பொருத்தினால் அதன் காட்சி இரண்டரை பிரேம் பிசகிவிடும். எனவே தொலைவிலுள்ள கேமராவுக்கு ஒலியை வைத்துப் பொருத்தியபின், கைகள் ஒன்றையொன்று தொடும் பிரேமைக் கண்ணால் பார்த்து இறுதியாக நகர்த்திக்கொள்ளுங்கள்.