நிலக்கடலையில் அஃப்ளாடாக்சின் ஏறாமல் காக்கும் முறை

அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்கும் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் பூசணம் நம் செம்மண் காடுகளில் இயல்பாகவே இருக்கிறது. இந்த நஞ்சு கல்லீரல் புற்றுநோயை வரவழைக்கும். கடலையை வறுத்தாலும் முழுவதுமாக அழியாது. ஆகவே ஏறவிடாமல் தடுப்பதுதான் வழி.

காய் முற்றும் கடைசி மூன்று, நான்கு வாரங்களில் மானாவாரிச் செடி வாடினால் பூசணம் காய்க்குள் எளிதில் புகுந்துவிடும். கிணற்றில் தண்ணீர் இருந்தால் அப்போது ஒரு தண்ணீராவது கட்டுங்கள். ஓட்டின் உட்புறம் கருத்ததும் பிடுங்கிவிட வேண்டும். கரையானோ புழுவோ துளைத்த காயையும், மண்வெட்டி பட்ட காயையும் அங்கேயே தனியாக ஒதுக்குங்கள்.

பிடுங்கிய காயில் ஏறக்குறைய 40 விழுக்காடு ஈரம் இருக்கும்; அதை விரைவாக 8 விழுக்காட்டுக்குக் கொண்டுவர வேண்டும். பச்சைச் செடியைப் போராகக் குவித்தால் உள்ளே புழுங்கிப் பூசணம் பிடிக்கும் என்பதால், காய் மேலே தெரியும்படி செடிகளைக் கவிழ்த்து வரிசையாகப் போட்டு, ஆய்ந்த பிறகு தார்ப்பாயில் மெல்லிய பரப்பாகக் காயவையுங்கள். காதருகே குலுக்கினால் பருப்பு கலகலவென்று ஒலிக்க வேண்டும்; உடைத்து விரலிடையே தேய்த்தால் செந்தோல் உரிந்து வர வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டுக் காயவைத்ததை ஒரே இரவில் கெடுப்பது, இயந்திரத்தில் உடைக்கும்போது பருப்பு நொறுங்கக் கூடாதென்று காயின்மீது தண்ணீர் தெளித்து மூடிவைக்கும் பழக்கம். இதைத் தயவுசெய்து கைவிடுங்கள். சல்லடையைக் காயின் அளவுக்கேற்ப மாற்றினாலே நொறுங்குவது பெரிதும் குறையும்.

சாக்குகளைச் சுவரில் ஒட்டாமல் மரக்கட்டைகளின்மேல் அடுக்குங்கள். உடைத்த பருப்பில் சுருங்கியது, நிறம் மாறியது, பச்சை மஞ்சள் தூள் படிந்தது எல்லாவற்றையும் கையால் பொறுக்கி எடுங்கள். நஞ்சு எல்லாப் பருப்பிலும் சீராகப் பரவியிருக்காது, சில பருப்புகளில் மட்டும் மிகுதியாக இருக்கும். அதனால் சோதனைக்கு மாதிரி எடுக்கும்போது ஒரு கைப்பிடி போதாது, பல சாக்குகளில் மேலேயும் நடுவிலும் அடியிலும் எடுத்துக் கலக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் நேரடியாக உண்ணும் கடலைக்கு வரம்பு கிலோவுக்கு 4 மைக்ரோகிராம்தான்.

பொறுக்கி ஒதுக்கியதைச் செக்குக்கு அனுப்பாதீர்கள். சுத்திகரிக்காத எண்ணெயிலும் நஞ்சு வரும். அந்தப் புண்ணாக்கைத் தின்னும் மாட்டின் பாலிலும் அது வடிவம் மாறி வந்து சேரும்.